தாளம் பிடிக்கும் கை: செட்டிநாட்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், நாட்டரசன்கோட்டை, இன்னும் சுற்றுப்பட்டு ஊர்களின் கோவில் காரியக்காரர்களுக்கும், திருவிழாக் குழுவினருக்கும், வீட்டு விசேஷங்களை முன்னின்று நடத்தும் அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். பத்திரிகை அடித்து முடித்தபின் எதைச் சொன்னாலும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா" என்பீர்கள். அந்த அடுத்த வருஷத்தை நான் நிறையத் தடவை பார்த்துவிட்டேன்.

நான் இந்தப் பக்கத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். என் பிள்ளைகள் உங்கள் கோவில் மண்டபங்களில் ஆடியிருக்கிறார்கள். ஆடும்போது மேடை ஓரத்தில் உட்கார்ந்து நட்டுவாங்கம் செய்வது, அதாவது தாளம் பிடித்து ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது, நான்தான். நான் கேட்க வந்தது இதுதான்: விழாவிலும் கல்யாணத்திலும் இசையை முன்னின்று நடத்துகிற பொறுப்பை, அதற்குத் தகுதி உள்ள பெண்களிடம் கொடுங்கள். பாட விட்டாயிற்று, ஆட விட்டாயிற்று, வாசிக்கவும் விட்டாயிற்று. நடத்த விடுவதில்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது.

நட்டுவாங்கம் என்றால் ஜால்ரா தட்டுவது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கையில் இருக்கும் தாளம் இரண்டில் ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. அந்த இரண்டும் மோதும் சத்தத்தில்தான் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கட்டுப்பட்டு நிற்கிறார்கள். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் பிள்ளை ஒரு வரிக்கு அபிநயம் பிடிக்கும்போது அன்றைக்கு அவளுக்குப் பாவம் நன்றாக வந்துவிட்டால் இன்னொரு தடவை அதே வரியைப் பாடச் சொல்லிப் பாடகருக்குக் கண்ணைக் காட்ட வேண்டும். கால் தளர்ந்திருந்தால் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, ஒரு நூல் இறக்க வேண்டும். இறக்கியது சபைக்குத் தெரியவும் கூடாது. ஜதி சொல்லிக்கொண்டே மிருதங்கக்காரருக்குத் தீர்மானம் (ஜதியை முடிக்கும் கோர்வை) வரப் போகிறது என்று தலையசைப்பில் சொல்ல வேண்டும். சலங்கை அறுந்து மணி சிதறினால் அந்த இடத்தை ஸ்வரத்தால் நிரப்பச் சொல்ல வேண்டும். இத்தனையும் வாயில் சொற்கட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். மேடையில் முடிவெடுக்கிற ஆள் நட்டுவனார். அவர் சொன்னால் தொடக்கம், அவர் சொன்னால் முடிவு.

இந்த வேலை காலங்காலமாக ஆண்கள் கையில் இருந்தது. விராலிமலை முருகன் கோவிலில் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆடிய பரம்பரையின் கடைசிக் கண்ணியான முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாம் எல்லோரும் நம் ஊர்க்காரருக்கே கிடைத்ததுபோல மகிழ்ந்தோம். அந்தச் சதிர் மரபிலும் ஆடியது பெண், தாளம் பிடித்தது ஆண். காரைக்காலில் பிறந்து வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்ற கே.ஜே. சரசா அம்மா தாளத்தைத் தன் கையில் எடுத்த பிறகுதான், முதல் பெண் நட்டுவனார் என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல முடிந்தது. இன்றைக்கு ஊர் ஊராக நாட்டிய வகுப்பு நடத்தி நட்டுவாங்கமும் செய்கிற என்னைப் போன்றவர்கள் அவர் போட்ட பாதையில் நடக்கிறோம்.

பாதை இருக்கிறது, சரி. மரியாதை இருக்கிறதா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோவில் விழா. ஊர் பெயர் வேண்டாம். மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு நெற்றிச்சுட்டி கட்டி முடித்துத் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். "நட்டுவனார் ஐயா இன்னும் வரலையா?" என்றார். நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம் நேராக மிருதங்கத் தம்பியிடம் போய், "எப்ப ஆரம்பிக்கலாம், எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டார். அந்தத் தம்பிக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தால் அதிகம். அவன் என்னைக் கை காட்டினான். அவர் திரும்பவும் அவனிடமே கேட்டார்.

நிகழ்ச்சி முடிந்து மரியாதை செய்தார்கள். வழக்கப்படி முதல் பொன்னாடை நட்டுவனாருக்கு. அன்றைக்கு அது அவன் தோளில் விழுந்தது. கூசிப்போய் என்னைப் பார்த்தான் பாவம். எனக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி; பெண்கள் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். ரவிக்கைத் துணியில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல துணி.

இது நம் ஊரில் மட்டும் இருக்கிற கோணல் இல்லை. 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது நம் ஊர் டீக்கடையில்கூட அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. அத்தனை வாத்தியக்காரர்களுக்கு முன்னால் கையில் சின்னக் கோலோடு ஒருவர் நிற்கிறாரே, அவர் ஏன் எதுவும் வாசிக்கவில்லை என்று ஒரு அண்ணன் என்னிடமே கேட்டார். அவர்தான் மேற்கத்திய இசைக்குழுவின் நடத்துநர். வலக்கையால் தாளம் காட்டுகிறார், இடக்கையால் யார் எப்போது நுழைவது, எவ்வளவு அழுத்தம் என்று சொல்கிறார். மற்றவர்கள் எழுப்பும் ஒலிதான் அவருடைய வாத்தியம். எண்பது, நூறு பேர் அவர் சொல்படி கேட்க வேண்டும். அந்த ஒரே காரணத்தால்தான் அந்த மேடை பெண்களுக்குக் கடைசியாகத் திறந்தது.

கடைசி என்றால் எவ்வளவு கடைசி தெரியுமா? அந்தோனியா பிரிக்கோ என்ற பெண் 1930-லேயே பெர்லின் பில்ஹார்மோனிக் என்ற பெரிய இசைக்குழுவை நடத்திக் காட்டினார். ஆனாலும் பெரிய இசைக்குழு எதுவும் அவரை நிரந்தரத் தலைமைக்கு எடுக்கவில்லை. நியூயார்க்கில் பெண்களை மட்டும் சேர்த்துத் தானே ஒரு குழு ஆரம்பித்தார். பிற்காலத்தில் டென்வரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. அங்கே ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் உறுப்பினர் என்ற பெயர் இல்லாமலே இருபது வருஷத்துக்கு மேல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவை ஒரு பெண் முதன்முதலாக நடத்தியது 2005-ல், ஆஸ்திரேலியாவின் சிமோன் யங்.

அமெரிக்க நடத்துநர் மேரின் ஆல்சாப் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்பது வயதில் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய கச்சேரியைப் பார்த்துவிட்டு நானும் இப்படி நடத்துவேன் என்று சொல்லியிருக்கிறார். வயலின் ஆசிரியை, பெண் பிள்ளைகள் அதைச் செய்ய முடியாது என்றாராம். அப்பாவோ ஒரு பெட்டி நிறைய நடத்துநர் கோல்களை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு அப்பா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதே ஆல்சாப்பை 2005-ல் பால்டிமோர் சிம்பொனி இசைக்குழுவின் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே வாசிப்பவர்களே இன்னும் ஆள் தேடுங்கள் என்று வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2007-ல் பொறுப்பேற்றார், அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். 2021 வரை அங்கேயே நிலைத்தார். இடையில் 2013-ல் லண்டனில் வருஷந்தோறும் நடக்கும் 'ப்ராம்ஸ்' (Proms) இசை விழாவின் கடைசி நாள் கச்சேரியையும் நடத்தினார். 1895-ல் தொடங்கிய விழாவில் அந்த இடத்துக்கு ஒரு பெண் வர அத்தனை காலம் ஆயிற்று.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். 1970-களிலிருந்து அமெரிக்க இசைக்குழுக்கள் ஆள் எடுக்கும்போது ஒரு திரையைக் கட்டி, பின்னால் வாசிக்க வைத்துக் கேட்க ஆரம்பித்தன. காலணிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரித்தார்கள். காது மட்டும் தீர்ப்புச் சொன்னது. பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆனால் நடத்துநரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தேர்ந்தெடுக்க முடியுமா? அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாசிக்க வேண்டும். நட்டுவனாரும் அப்படித்தான். மேளத்தை முன்னின்று நடத்தும் நாயனக்காரரும் அப்படித்தான். எங்களை மறைத்து வைத்து உங்களை ஏமாற்ற வழியில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டேதான் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் சங்கீதத்திலும் இதே கதை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தபோதுதான் அந்தப் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் போனது. பாட்டு இனிமையாக இருக்கிறது என்று கைதட்ட யாரும் தயங்கவில்லை. ராகம் தானம் பல்லவி என்று வந்தபோதுதான் சங்கடம். பல்லவியில் ஒரே வரியை வைத்துத் தாளக் கணக்கைப் போடுவது பாடுகிறவர். மிருதங்கமும் வயலினும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெண்ணுக்கு அது ஆகாது என்றிருந்த நாளில் டி.கே. பட்டம்மாள் சபையில் பல்லவி பாடினார், "பல்லவி பட்டம்மாள்" என்றே பெயர் வாங்கினார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பின்னால் அவருக்கே வாசித்தார். அதோடு சம்பந்தியும் ஆனார். நித்யஸ்ரீ மகாதேவன் அந்த இருவருக்கும் பேத்தி.

திருவையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜர் சமாதியில் கோவில் எழும்பியது பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுச் செய்த வேலை. அங்கே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள். 1920-களின் பிற்பகுதியில் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். தனித்தனியாக ஆராதனை நடத்திய கட்சிகள் ஒன்றாகச் சேர 1940 வாக்கில் ஆனது. காசு கொடுத்தவருக்கே பாட இடமில்லாத கதை இது. நம் கோவில்களில் திருப்பணிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்த ஆச்சிமார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

வெளியூர்க் கதை எதற்கு, நம் மண்ணுக்கு வருகிறேன். பக்கத்தில் புதுக்கோட்டை. அங்கே திருக்கோகர்ணத்தில் ரங்கநாயகி அம்மாள் என்று ஒருவர் 1910-ல் பிறந்தார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடை ஏறினார். பெண் கை தோல்வாத்தியத்துக்கு ஆகாது என்ற பேச்சுக்கு அந்தக் காலத்திலேயே பதில் சொன்னவர் அவர். காரைக்குடி வீணை என்றால் சாம்பசிவ ஐயரைச் சொல்வோம். அவர் பாணியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமான இருவர் ரங்கநாயகி ராஜகோபாலனும் ராஜேஸ்வரி பத்மநாபனும். நம் ஊர் பெயரைச் சுமந்துபோனவை பெண் கைகள்.

நாயனத்துக்கு மூச்சு பத்தாது என்று ஒரு வாதம் எப்போதும் வரும். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அம்மா நாகஸ்வரம் வாசித்துக் கலைமாமணி வாங்கியவர், 2012-ல் காலமானார். ஸ்ரீரங்கத்தில் காலீஷாபி மகபூப் தன் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து வாசிக்கிறார்; 2020-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. சிவகங்கை அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் மூன்று வருஷப் படிப்பாக இருக்கிறது. பிள்ளைகளில் யாருக்கும் மூச்சுத் தகராறு என்றால் வாத்தியார் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் அந்தக் கவலையை அவரிடம் விட்டுவிடலாம்.

மேளக் கச்சேரியில் நடப்பதைச் சொல்கிறேன். செட்டில் ஒரு பெண் நாயனம் வாசிப்பாள், நன்றாகவே வாசிப்பாள். அட்வான்ஸ் அவள் கணவரிடமோ அண்ணனிடமோ போகும். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைக் கம்பீரநாட்டை ராகத்தில் எடுப்பது அந்த ஆண்தான். அவள் கூடச் சேர்ந்துகொள்வாள். ராக ஆலாபனை அவர், இடைவெளியில் இரண்டு பிடி அவள். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் பெரியவர் விரலை உயர்த்தினால் அந்தச் சைகையைப் பார்த்துக் கெட்டிமேளத்துக்குத் தவிலுக்குக் கண் காட்டுவதும் அவர்தான். அவர் நன்றாக வாசிப்பவராக இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவரைவிட அவளுக்குக் கைவாகு கூட என்று தவில்காரருக்கே தெரிந்த செட்டுகள் உண்டு. அங்கேயும் இதே வரிசைதான்.

பழைய நாளில் செட்டிநாட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்க அழைப்பு வருவதே ஒரு நாயனக்காரருக்கு முத்திரை குத்தியதுபோல. உங்கள் அய்யாக்கள் பட்டாலையில் (வீட்டு முகப்புத் திண்ணையில்) உட்கார்ந்து விடிய விடிய தோடி கேட்ட வீடுகள் இவை. தமிழிசைக்கு அண்ணாமலை அரசர் கொடுத்த ஆதரவும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் முதல் வரிசையில் உட்கார வைத்த ஆளை மற்ற ஊர்க்காரர்களும் உட்கார வைப்பார்கள். அதனால்தான் இந்த மடலை அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆச்சிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பொம்பளை வாசிச்சா மேளம் எடுபடுமா?" என்று முதலில் கேட்பது பல வீடுகளில் நீங்கள்தான். ஐயாமார் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போன காலத்தில் அத்தனை பெரிய வீடுகளையும் நடத்தியது யார்? இன்றைக்கும் கல்யாணம் என்றால் சாமான் பரப்புவதிலிருந்து பந்தி முடிகிறவரை உங்கள் சொல்தான் சட்டம். சமையல் தலைவர்கூட உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுகிறார். அந்த ஆளுமையை மேளக்காரப் பெண்ணிடம் மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?

தீட்டு என்று சிலர் மெதுவாக இழுப்பார்கள். கோவிலில் பொங்கல் வைக்கும் பெண்கள் தங்கள் நாளைத் தாங்களே பார்த்து வருகிறார்கள். வாசிக்கிறவளுக்கும் அது தெரியும். 2021-ல் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோவிலில் பெண் ஒருவரை ஓதுவாராகவே நியமித்தார்கள். தேவாரம் வழக்கம்போல நடக்கிறது.

இனி என் வேண்டுகோள்கள். பத்திரிகையில் நாட்டிய நிகழ்ச்சி என்று போட்டால் நட்டுவாங்கம் யார் என்ற பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். மேளத்துக்குப் பேசும்போது, செட்டின் தலைமை ஒரு பெண் என்றால் அவளிடமே பேசுங்கள், பணத்தை அவள் கையில் கொடுங்கள். கணவருக்குப் போன் போட்டு "அம்மாகிட்ட சொல்லிருங்க" என்று முடிக்காதீர்கள். தலைமைப் பொன்னாடை தலைமை ஏற்றவருக்கு.

மகளிர் தினத்துக்கு மட்டும் "மகளிர் மேளம்" என்று ஏற்பாடு செய்து போட்டோ எடுத்துக்கொள்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது எங்களுக்கு உதவி மாதிரித் தெரிகிறது, ஆனால் வருஷத்தில் மற்ற நாட்களுக்கு எங்களைக் கணக்கில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கலந்த செட்டில் பெண் தலைமை. ஆண் தவில்காரர்கள் அவளைப் பார்த்து வாசிக்க வேண்டும். அதுதான் வேண்டும். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் பெண்களே வாசிக்கும் குழு ஒன்றை அமைத்து நடத்துகிறார் என்றால், அவரோடு வாசிக்க மறுத்த ஆண்கள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். பிரிக்கோ செய்ததையே அவரும் செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம், பெரிய விஷயம்போலத் தெரியாத ஒன்று. ராத்திரி வீதியுலா முடிய ஒரு மணி, இரண்டு மணி ஆகிறது. ஆண்கள் மண்டபத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். எங்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை, நடுராத்திரியில் ஊர் போய்ச் சேர ஒரு வண்டி. பந்திக்கும் பூவுக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவில் இது எந்த மூலைக்கு? இது இல்லாததால் வரமாட்டேன் என்று சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வராததைப் பார்த்து "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சலுகை கேட்கவில்லை. சுமாராக நடத்தினால் சுமார் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆண்களுக்கு அப்படித்தானே செய்கிறீர்கள்? ஒரு ஆண் நாயனக்காரர் சரியாக வாசிக்காவிட்டால் "அவருக்கு இன்றைக்குச் சரியில்லை" என்கிறோம். பெண் சரியாக வாசிக்காவிட்டால் "பெண்களுக்கே வராது" என்கிறோம். அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ விசேஷம், அறுபதுக்கு அறுபது சாந்தி, எண்பதுக்கு எண்பது சாந்தி. ஒரு நாள் மேளத்தையாவது, ஒரு மாலை நாட்டியத்தையாவது இப்படிப் பேசி முடியுங்கள். ஆள் யார் என்று தெரியவில்லை என்றால் சிவகங்கை இசைப்பள்ளியில் விசாரித்தால் படித்து முடித்த பெண்களைச் சொல்வார்கள். அவர்களில் நல்லவர் யார் என்பதற்குத் தவில்காரரிடம் கேளுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். பத்திரிகைப் புரூஃப் வந்ததும் மேளம், நாட்டியம் இரண்டு இடத்திலும் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் நட்டுவாங்கக்காரி